இழையும் சராசரியும்

சைதாப்பேட்டையில் மழையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மில்லிமீட்டரில் பேசுவதில்லை. 2015 டிசம்பரைக் கேட்டால், தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, எந்தச் சுவரில் கறை நின்றது, யார் வீட்டு மாடியில் எத்தனை பேர் இரவைக் கழித்தார்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கோதாமேட்டிலும் ஜோதியம்மாள் நகரிலும் அடையாறு வீட்டுக்குள் புகுந்தது. அங்கிருந்து நடக்கிற தூரத்திலேயே வெள்ளம் வாசலோடு நின்றுபோன தெருக்களும் உண்டு. அதற்கு முந்தைய நவம்பரில் நுங்கம்பாக்கம் மழைமானி ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. வழக்கமான நவம்பரில் அதில் பாதிகூட வராது. அந்த எண் சரியான எண்தான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் தெரு மூழ்கும், எது தப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சூரியனின் கரும்புள்ளிகளைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்கு இந்த மழைமானிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தப் புள்ளிகளுக்குள் வாயு எப்படி ஓடுகிறது என்பதை உலகத்தில் முதன்முதலாகக் கண்ட இடம் கோடைக்கானல். கோடைக்கானல் ஆய்வகம் எழுந்ததற்குப் பின்னால் இருப்பது மெட்ராஸ் ராஜதானியின் ஒரு பஞ்சமும், நுங்கம்பாக்கத்தின் மழைக் கணக்கும், அந்தக் கணக்கிலிருந்து எடுத்த ஒரு சராசரியும்.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இன்று மண்டல வானிலை மையம் இருக்கிற வளாகத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. கருவிகளைத் தாங்குவதற்காக நட்ட கருங்கல் தூண் இன்னமும் அங்கே நிற்கிறது. கப்பல்களுக்கும் நில அளவைக்கும் விண்மீன்களின் இருப்பிடம் துல்லியமாக வேண்டியிருந்தது, அதற்காகத்தான் ஆய்வகம். கூடவே மழையையும் அளந்துவந்தார்கள். 1867-இல் ஆர் ரெட்டிக்குலி என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டுபிடித்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இங்கேதான் உதவியாளராக இருந்தார். அவரைச் சொல்லாமல் இந்த வளாகத்தைக் கடக்க எனக்கு மனம் வராது.

1876-இல் மழை பொய்த்தது. நம் ஊர்க் கிழவிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நினைவில் நிறுத்தியது இதைத்தான். பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர் என்று மாவட்டம் மாவட்டமாக ஊர்கள் காலியாயின. இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இன் தொடக்கத்தில் அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்று மண் வெட்ட வேண்டும். அப்படி வெட்டியதன் ஒரு துண்டு நம் கண்முன்னால் கிடக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து மயிலாப்பூர், மந்தைவெளி வழியாக வருகிற பக்கிங்காம் கால்வாய் 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. அந்தக் கரையில் நடக்கும்போது எத்தனை பேரின் கடைசிப் பலம் இந்த மண்ணில் இறங்கியிருக்கும் என்ற நினைப்பை என்னால் ஒதுக்க முடிந்ததில்லை.

பஞ்சம் உச்சத்தில் இருந்த 1877-இல் அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் வில்சன் ஹன்டர் மெட்ராஸ் மழைக் கணக்கைக் கையில் எடுத்தார். 1813 முதல் 1876 வரை அறுபத்து நான்கு ஆண்டுக் கணக்கு. சூரியனில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை பெருகிக் குறைகின்றன என்பது அதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஹன்டர் மழை ஆண்டுகளை அந்தப் பதினோரு ஆண்டுச் சுற்றில் மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தார். புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் மெட்ராஸில் மழையும் குறைந்திருப்பதாகத் தெரிந்தது. ஹீலியத்துக்குப் பெயர் வைத்த வானியலாளர் நார்மன் லாக்கியருடன் சேர்ந்து, சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும் என்ற பொருளில் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்த நவம்பரில் கட்டுரை எழுதினார். சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை பரவிற்று.

ஹன்டர் நேர்மையற்றவர் என்று நான் நினைக்கவில்லை. வரப்போகும் சாவுகளை முன்னறிய வேண்டும் என்ற தவிப்பு அந்தக் கணக்கில் இருக்கிறது. ஆனால் அவர் எடுத்த மழைமானி கடற்கரையில் இருந்தது. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. பல்லாரிக்காரனின் சோளம் தென்மேற்கு மழையை நம்பி நிற்கிறது. நுங்கம்பாக்கத்தின் ஒற்றைப் பாத்திரத்தில் விழுந்த நீரை வைத்து ஒரு ராஜதானியின் பசியைக் கணக்கிட்டார்கள். தானியம் எந்த விலைக்கு ஏறியது, ரயில் எந்தச் சந்தையிலிருந்து எந்தச் சந்தைக்கு மூட்டைகளை இழுத்துப் போனது, கூலியை எவர் நிர்ணயித்தார் என்பதெல்லாம் அந்தச் சராசரிக்குள் வருவதற்கு வழியே கிடையாது. பஞ்சத்தை வானத்தின் கணக்கில் எழுதிவிட்டால் தரையில் இருக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதுதான் அந்த ஆய்வின் ஆறாத பகுதி.

ஆனாலும் அதன் விளைவாகச் சூரியன் இந்தியாவில் நாள்தோறும் கவனிக்கப்பட வேண்டிய ஒன்றாகிவிட்டது. 1878 முதல் டேராடூனில் தினமும் சூரியனைப் படமெடுத்தார்கள். தெற்கே ஒரு மலைமேல் சூரியனுக்கென்றே ஆய்வகம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவந்து, 1891-இல் அரசு வானியலாளரான சார்லஸ் மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோடைக்கானலைத் தேர்ந்தார். 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-இல் வானியல் பணி நுங்கம்பாக்கத்தைவிட்டு மலையேறியது. மெட்ராஸில் 1850-இல் வாங்கிய ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் கூடவே போனது. பின்னாளில் பல பத்தாண்டுகளுக்கு அன்றாடச் சூரியப் படங்களை எடுத்தது அந்தக் கண்ணாடிதான். சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்குப் போயிற்று. பயிரைப் பார்த்தவர்களும் வெயிலைப் பார்த்தவர்களும் சில ஆண்டு இடைவெளியில் இந்த ஊரைவிட்டு வெவ்வேறு திசையில் போனார்கள்.

1907-இல் ஜான் எவர்ஷெட் கோடைக்கானலுக்கு வந்தார். வயது நாற்பதைக் கடந்திருந்தது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகித்தவரல்ல. லண்டனில் தாள், மை போன்றவற்றைச் சோதிக்கும் தொழிலில் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவிகளால் சூரியனைப் பார்த்துவந்தவர். 1898 கிரகணத்துக்காக ஏற்கெனவே ஒரு முறை இந்தியா வந்து போயிருந்தார். உடன் வந்த மனைவி மேரி ஆக்வொர்த் எவர்ஷெட்டும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பற்றிய அவர்களுடைய கோடைக்கானல் பதிவுகளில் மேரியின் உழைப்பு பெரியது. தாந்தே காலத்து வானியல் பற்றிய அவருடைய நூல் வெளிவந்ததும் அந்த மலைவாச ஆண்டுகளில்தான். கணவனின் பெயரால் மட்டும் அந்த வீட்டை நினைவில் வைப்பது நியாயமில்லை.

அடுத்த ஆண்டே, 1908-இல், அமெரிக்காவின் மவுன்ட் வில்சனில் ஜார்ஜ் எல்லரி ஹேல், கரும்புள்ளிகளில் பெரும் காந்தப்புலம் இருப்பதைக் கண்டார். பூமியின் காந்தத்தைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. ஹைட்ரஜன் ஒளியில் எடுத்த படங்களில் புள்ளிகளைச் சுற்றிச் சுழல் சுழலாகக் கோடுகள் தெரிந்தன. எனவே கரும்புள்ளி என்பது சூரியனில் வீசும் சூறாவளி, மின்னேற்றம் பெற்ற வாயு அங்கே சுழல்வதால்தான் காந்தம் பிறக்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டது. புயல் என்றால் வங்கக் கடல் புயல்போலச் சுற்ற வேண்டும் அல்லவா? அந்தச் சுழற்சியை அளந்துவிடலாம் என்றுதான் எவர்ஷெட் இறங்கினார்.

அளப்பது எப்படி என்பதைச் சைதாப்பேட்டை ஸ்டேஷனில் நின்றே சொல்லிவிடலாம். இங்கே நிற்காமல் தெற்கே போகிற எக்ஸ்பிரஸ் வண்டி ஊதிக்கொண்டே வரும்போது ஒலி கூர்மையாக இருக்கும். நம்மைத் தாண்டிய நொடியில் அதே ஊதல் தணிந்து தடித்துவிடும். நம்மை நோக்கி வருவதன் அலைகள் நெருங்குகின்றன, விலகுவதன் அலைகள் நீள்கின்றன. ஒளிக்கும் இதுவே நடக்கிறது. சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் இரும்பு முதலான அணுக்கள் விழுங்கிய இடங்களில் மெல்லிய கருங்கோடுகள் விழும். வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும். விலகினால் சிவப்புப் பக்கம். வண்டியின் ஊதலில் மாற்றம் நூற்றில் சில பங்கு, காதுக்கே எட்டுகிறது. நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடும் வாயுவின் ஒளியிலோ மாற்றம் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு நுட்பமான ஒரு சாய்வைப் புகைப்படத் தகட்டில் பிடித்தாக வேண்டும்.

1909 ஜனவரி 5. கனமழை பெய்து வானம் தெளிந்திருந்தது. சூரியனில் இரண்டு பெரிய புள்ளிகள் இருந்தன. எவர்ஷெட் புள்ளியின் குறுக்கே கருவியின் மெல்லிய பிளவை வைத்து நிறமாலையைப் பதிவு செய்தார். ஒவ்வொரு பெரிய புள்ளிக்கும் நடுவே கரிய பகுதி ஒன்று, அதைச் சுற்றி அரைநிழல் வளையம் ஒன்று உண்டு. அந்த அரைநிழலைக் கடக்கும் இடத்தில் கோடுகள் சாய்ந்திருந்தன.

சாய்வு இருந்தது சரி. ஆனால் சுழற்சிக்கு ஏற்ற சாய்வாக அது இல்லை. புள்ளி சுழல்வதானால், சூரிய நடுவையும் விளிம்பையும் இணைக்கும் கோட்டுக்குக் குறுக்கே பிளவை வைக்கும்போது கோடுகள் சாய வேண்டும். அங்கே அவை நேராக நின்றன. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பிளவை வைத்தபோதுதான் சாய்ந்தன. விளிம்புப் பக்கத்து அரைநிழலில் வாயு நம்மைவிட்டு விலகியது, நடுப் பக்கத்தில் நம்மை நோக்கி வந்தது. சூரியன் சுழலச் சுழலப் புள்ளி வட்டின் நடுப்பகுதிக்கு வந்தபோது சாய்வே மறைந்தது. மறுபக்கம் போனபோதும் கதை அதுவே: எந்தப் பக்கம் விளிம்பை ஒட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் விலகுகிறது. இத்தனைக்கும் பொருந்துகிற விளக்கம் ஒன்றுதான். கரிய நடுப்பகுதியிலிருந்து எல்லாத் திசையிலும் சூரியப் பரப்புக்கு இணையாக வாயு வெளியே ஓடுகிறது. நொடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். அந்த வேகத்தில் சைதாப்பேட்டையில் புறப்பட்டால் நேர்கோட்டில் 430 கிலோமீட்டரில் உள்ள கோடைக்கானலை மூன்றரை நிமிடத்தில் தொடலாம்.

தேடி வந்தது கிடைக்கவில்லை. கிடைத்ததை அப்படியே எழுதினார். கோடைக்கானல் ஆய்வக வெளியீட்டின் பதினைந்தாம் இதழில் வந்த அந்தக் குறிப்புதான் இன்று உலகமெங்கும் எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. நூறாம் ஆண்டை ஒட்டி 2008 டிசம்பரில் அஞ்சல் துறை அதற்கு ஒரு தபால்தலையும் வெளியிட்டது.

எனக்கு அந்தக் குறிப்பைவிட அது எழுப்பிய கேள்வி பெரிதாகத் தெரிகிறது. அரைநிழல் வளையத்தின் அகலம் ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வாயு அதைக் கடந்துவிடும். ஆனால் புள்ளி நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நிற்கிறது. இவ்வளவு வாயு எங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறது? போனது எங்கே போகிறது? இன்னொரு விசித்திரம், அந்த ஓட்டம் அரைநிழலின் வெளி விளிம்பிலேயே பெரும்பாலும் சட்டென்று நின்றுவிடுகிறது. மேலும் ஒன்று. மவுன்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் 1913-இல் பல நூறு கோடுகளை அளந்து, உயரம் ஏற ஏற வெளியோட்டம் குறைந்துகொண்டே போய், மேல் அடுக்குகளில் வாயு உள்நோக்கிப் பாய்வதைக் காட்டினார். அடியில் வெளியே, மேலே உள்ளே. புயல் என்ற ஒற்றைப் படம் முழுதாகக் கலைந்தது.

விடை கிடைக்காமல் இருந்ததற்கு முக்கியமான காரணம் நம் காற்று. சூரியனில் 725 கிலோமீட்டர் இங்கிருந்து பார்க்க ஒரு வினாடிக் கோணம், ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. பூமியின் காற்று கொதித்துக்கொண்டே இருப்பதால் மிக நல்ல காலை நேரத்திலும் அதற்குக் கீழே பிரித்துப் பார்ப்பது அரிது. நல்ல காற்றைத் தேடி எவர்ஷெட் 1915-16-இல் காஷ்மீர் வரை கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனார். ஸ்ரீநகர்ப் பள்ளத்தாக்கில் காற்று மிக அமைதியாக இருந்தது. ஆனாலும் கருவியின் எல்லை கருவியின் எல்லைதான்.

2002-இல் கானரித் தீவுகளின் லா பால்மாவில் ஒரு மீட்டர் விட்டமுள்ள ஸ்வீடன் நாட்டுத் தொலைநோக்கி, காற்றின் நடுக்கத்தை நொடிக்குப் பல நூறு முறை திருத்திக்கொண்டு அரைநிழலைப் படமெடுத்தது. அதுவரை மங்கலாகவே தெரிந்த இழைகள் இப்போது தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. ஒவ்வொன்றும் 150, 200 கிலோமீட்டர் அகலம், பல ஆயிரம் கிலோமீட்டர் நீளம். பிரகாசமான இழைகள் பலவற்றின் நடுவில் முதுகெலும்புபோல ஒரு கரிய கோடு ஓடியது. அப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை. யோரான் ஷார்மரும் உடன் பணியாற்றியவர்களும் அதை அந்த ஆண்டு உலகுக்குக் காட்டினார்கள். அந்தப் படங்களை முதன்முதலில் கண்டபோது நெடுநேரம் திரையைவிட்டு நகரவில்லை நான். கருநிழல் என்று நினைத்த நடுப்பகுதியிலும் சின்னச் சின்ன ஒளிப் பொட்டுகள். அந்த இருட்டும் ஒப்பீட்டில்தான் இருட்டு. சுற்றியுள்ள பரப்பு 5,800 கெல்வின், கருநிழல் சுமார் 4,000. தனியாக வெட்டி எடுத்து இரவு வானத்தில் வைத்தால் முழு நிலவு அதன்முன் மங்கிவிடும்.

ஏன் இருட்டு என்பதில் ஐயமில்லை. சூரியனின் உள்ளிருந்து வெப்பம் கொதித்து மேலே வருகிறது. மின்னேற்றம் பெற்ற வாயுவால் காந்தக் கோடுகளைக் குறுக்கே தாண்ட முடியாது. செங்குத்தாக நிற்கும் வலுத்த காந்தம் அந்தக் கொதிப்பை அமுக்கிவிடுகிறது. அரைநிழலில் காந்தம் சாய்கிறது. சாய்வதும் ஒரே அளவில் இல்லை. ஓர் இழையில் ஏறத்தாழப் படுத்துக் கிடக்கும். ஒட்டிய இடைவெளியிலோ நிமிர்ந்து நிற்கும். சமி சோலாங்கியும் உடன் எழுதியவரும் 1993-இலேயே, இழைகளை இவ்வளவு நுட்பமாகப் பார்ப்பதற்கு முன்பே, ஒளியின் முனைவாக்கத்தை வைத்து இந்தப் பின்னலை ஊகித்திருந்தார்கள். பிறகு 2006-இல் விண்ணில் ஏறிய ஜப்பானின் ஹினோடே செயற்கைக்கோளும், 2009-இல் மத்தியாஸ் ரெம்பல் குழு கணினியில் முழுப் புள்ளியையே உருவாக்கிப் பார்த்த முயற்சியும் சேர்ந்து ஒரு படத்தைத் தந்தன. இழையின் உள்முனையில் சூடான வாயு மேலே வருகிறது. சாய்ந்த காந்தம் அதை மேலே போகவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடுகிறது. ஓடி ஓடிக் குளிர்ந்து, வெளிமுனையிலும் ஓரங்களிலும் அது மீண்டும் அடியில் இறங்குகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற பழைய கேள்விக்கு இது பதில். இரண்டு முனைக்கும் உள்ள அழுத்த வேறுபாடே வாயுவைக் குழாய் வழியே இழுக்கிறது என்ற 1968-இன் மாற்று விளக்கத்துக்கும் ஆதரவாளர்கள் உண்டு. வழக்கு முழுதாக முடியவில்லை.

இந்த இழைகளுக்குள் வேகத்தை அளந்தபோதுதான் எவர்ஷெட்டின் எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்தது. படுத்த இழைக்குள் வாயு நொடிக்கு ஐந்து, ஆறு கிலோமீட்டர் ஓடுகிறது. சில இடங்களில் அங்குள்ள ஒலியின் வேகமான ஏழு கிலோமீட்டரையும் தாண்டுகிறது. பக்கத்து இடைவெளியில் ஓட்டம் ஏறத்தாழ இல்லை. எவர்ஷெட்டின் பிளவுக்குள் ஒரே நேரத்தில் நான்கைந்து இழைகளும் இடைவெளிகளும் கலந்து விழுந்தன. அவர் அளந்த இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் அங்கே பெரும்பாலும் எந்த வாயுவும் ஓடவில்லை. அது ஒரு சராசரி.

அப்படியானால் ஹன்டருக்கும் எவர்ஷெட்டுக்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்வி என்னை வெகுநாளாக விடவில்லை. இருவரும் கலவையைத்தான் அளந்தார்கள். ஒருவருடைய முடிவு கரைந்துபோயிற்று, மற்றவருடையது நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. அரைநிழலில் ஓடுகிற இழைகள் அனைத்தும் ஒரே திசையில், வெளிநோக்கி ஓடுகின்றன. கலக்கும்போது வேகம் தேய்கிறது, திசை பிழைத்துக்கொள்கிறது. எவர்ஷெட் உறுதியாகச் சொன்னதும் திசையைத்தான். பிளவைத் திருப்பித் திருப்பி வைத்தும், புள்ளி சூரியனைக் கடக்கும் வரை காத்திருந்தும் அந்தத் திசையை எல்லாக் கோணத்திலும் சோதித்தார். பஞ்சத்தில் இழைகள் ஒரு திசையில் ஓடவில்லை. கடற்கரையில் மழை ஒரு பக்கம், தக்காணத்தில் இன்னொரு பக்கம். விலை ஏறும்போது கூலி இறங்குகிறது. ரயில் வந்த ஊரிலிருந்து தானியம் வெளியே போகிறது. இவற்றைக் கலந்தால் அளவும் போய்விடும், திசையும் போய்விடும். அங்கே சராசரி எடுப்பது பார்ப்பதற்கு உதவவில்லை, மறைப்பதற்குத்தான் உதவிற்று.

அதே துறைக்குள் ஒருவர் இதைச் சோதித்தார் என்பது எனக்கு ஆறுதல். எவர்ஷெட் கோடைக்கானலில் இருந்த காலத்தில் அந்த ஆய்வகம் இந்திய வானிலைத் துறையின்கீழ் இருந்தது. 1904 முதல் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜ் கணித மேதை. 1915-இல் அவர் உலகின் பல நிலையங்களின் மழையைத் தனித்தனியே எடுத்துச் சூரியப் புள்ளிகளோடு ஒப்பிட்டார். மழையை முன்னறிய உதவும் உறவு எதுவும் தேறவில்லை. கோடைக்கானலைப் பிறப்பித்த கருத்தைக் கோடைக்கானலின் மேலதிகாரியே கைவிட்டார். இடத்துக்கு இடம் ஒப்பிடும் அந்த உழைப்பிலிருந்துதான் பசிபிக் கடலின் இரு கரைக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதை அவர் கண்டார். 1876-78-இன் வறட்சிக்கு அடியில் பெரியதொரு எல் நினோ இருந்தது என்பதை இன்று நாம் அறிவதும் அந்த வழியில்தான். மழை குறைந்ததற்கு அது காரணம். பட்டினிக்கு அது மட்டும் காரணமில்லை என்பதைக் கால்வாய்க் கரை சொல்லும்.

2024 மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய சில நாளில், பூமியைப்போலப் பதினைந்து மடங்கு அகலத்துக்குப் பரந்த ஒரு புள்ளிக் கூட்டம் சூரியனில் வந்தது. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். தொலைநோக்கி தேவைப்படவில்லை, கீழ்ப்பக்கம் ஒரு கரிய கீறல். பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணா, அழுக்கா?” என்று கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். துடைத்தும் அது போகாதது கண்டு அவன் முகம் மாறியதே, அதுதான் அந்த நாளின் பேறு. அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பிய வெடிப்புகளால் மே 10-ஆம் தேதி இரவு லடாக்கின் ஹான்லேவில்கூட வானம் சிவந்தது. அவன் பார்த்த கீறலுக்குள் அந்த நேரம் ஆயிரக்கணக்கான இழைகளில் வாயு ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். எந்தப் பக்கம் ஓடுது என்று கேட்டான். சரியான கேள்வி.

கோடைக்கானலில் 1904 முதல் அன்றாடம் எடுத்த சூரியப் படங்களின் தகடுகள் இன்று எண்ணிமமாகியிருக்கின்றன. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பத்தினர் அங்கே அந்த வேலையைச் செய்துவந்திருக்கிறார்கள். இடையில் வானியலாளர் வைணு பாப்பு 1960-இல் ஆய்வகப் பொறுப்பேற்று, புதிய சூரியக் கோபுரத்தில் வேலையை முடுக்கிவிட்டார். அங்கிருந்து அரவிந்த் பட்நாகர் எவர்ஷெட் ஓட்டத்தை மறுபடி அளந்தார். 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் புறப்பட்டது. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. அதன் முதன்மைக் கருவியைச் செய்தது கோடைக்கானலின் வாரிசான இந்திய வானியற்பியல் நிறுவனம். ஆனால் அரைநிழலின் இழைகளைப் பிரித்துப் பார்ப்பது அந்தக் கலத்தின் வேலையல்ல. அதற்குத் தரையில் பெரிய கண்ணாடி வேண்டும். லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையின் மெரக்கில் இரண்டு மீட்டர் சூரியத் தொலைநோக்கி ஒன்றை அமைக்கும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அது வந்தால் சூரியனில் சுமார் 50 கிலோமீட்டர் அளவுள்ளதைப் பிரித்துக் காட்ட முடியும். ஓர் இழையின் உள்ளேயே மூன்று நான்கு கூறு.

அதை எதற்குக் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். அரைநிழல் எப்படிப் பிறக்கிறது என்பது இன்னும் தெளியவில்லை. இளம் புள்ளிக்கு அரைநிழல் இருக்காது. கருநிழல் மட்டும் இருக்கும். பிறகு ஏதோ ஒரு பக்கத்தில் இழைகள் தோன்றும், சில மணி நேரத்தில் வளையத்தின் ஒரு துண்டு முளைத்துவிடும். அப்படி முளைப்பதற்குச் சற்று முன்பு அந்த இடத்தில் வாயு வெளியே ஓடாமல் புள்ளியை நோக்கி உள்ளே பாய்வதைச் சில பதிவுகள் காட்டியிருக்கின்றன. இழைகள் அமைந்ததும் ஓட்டம் எவர்ஷெட் கண்ட திசைக்குத் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பம் எப்படி நடக்கிறது, ஒவ்வோர் இழையாகவா, ஒரே வீச்சிலா என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். சூரியனைப் பார்க்கும் பெரிய கண்ணாடிகள் ஹவாயிலும் கானரித் தீவுகளிலும் இருக்கின்றன. நமக்குக் காலை பதினொரு மணி ஆகும்போது இரண்டு இடத்திலும் சூரியன் இல்லை.